பத்தில் மூன்று

மத்தளத்துக்கு இரண்டு பக்கமும் இடி என்பார்கள். எங்கள் தோட்டத்தில் அந்த மத்தளம் நான்தான். பெயர் தயாபரன். ஆனால் பெயரைச் சொல்லி யாரும் கூப்பிடுவதில்லை, தலைவர் என்றுதான் கூப்பிடுவார்கள். தொழிற்சங்கத்துக்கும் தலைவர், மாரியம்மன் கோயில் கமிட்டிக்கும் தலைவர். தோட்டத்தை நடத்தும் துரையிடம் போனால் ஆட்களைக் கிளப்பிவிடுகிறேன் என்று ஏச்சு. ஆட்களிடம் வந்தால் துரைக்குக் குடை பிடிக்கிறேன் என்று ஏச்சு. இது போதாதென்று இந்த மாசி மாதம் அக்கா வந்து சேர்ந்தாள்.

அக்கா வந்த காரணம் மலை. மடுல்சீமையில் பஸ் திரும்புகிற இடத்திலிருந்து இன்னும் மேலே ஏறினால் எங்கள் மேக்கணக்கு வரும். தோட்டத்தின் மேல் பிரிவை அப்படித்தான் சொல்வோம். வரிசை வீடுகளாக மூன்று லயம், ஒரு கோயில், காலையில் ஆட்களைப் பிரித்து வேலைக்கு அனுப்பும் பெரட்டுக்களம், லயத்தின் முதுகோடு ஒட்டிக்கொண்டு மலை. போன கார்த்திகைப் புயலில் அந்த மலையில் ஒரு வெடிப்பு விழுந்தது. அதிகாரிகள் வந்து பார்த்தார்கள், சிவப்பு நோட்டீஸ் ஒட்டினார்கள், எங்களைப் பள்ளிக்கூடத்தில் கொண்டுபோய் வைத்தார்கள். பிறகு பள்ளிக்கூடம் திறக்க வேண்டும் என்று வெளியே அனுப்பினார்கள். லயத்தில் இருக்காதீர்கள் என்று சொன்னவர்கள் எங்கே இருப்பது என்பதை மட்டும் சொல்ல மறந்துவிட்டார்கள். சட்டி பானையோடு மறுபடி அதே லயத்துக்கு வந்து, நோட்டீஸின் மேலேயே துணி காயப் போட்டோம்.

அக்கா விஜயலெட்சுமி இந்த லயத்தில் பிறந்தவள். பசறையில் படித்து, பேராதனையில் படித்து, ஜெர்மனிக்குப் போய், அணுவை வைத்து ஆராய்ச்சி செய்து பெயர் எடுத்தவள். குவாண்டம் இயற்பியலில் முன்னோடி என்று பேப்பரில் எழுதினார்கள். உங்க அக்கா அங்கே என்னதான் செய்கிறாள் என்று யாராவது கேட்டால் நான் ஒரே பதில் வைத்திருந்தேன்: ஒரு சாமானைக் கீழே போட்டுப் பார்க்கிறாள். கேட்டவர்கள் சிரிப்பார்கள். ஆனால் வேலை அதுதான். அணுக்களைக் காற்றில்லாத ஒரு குழாய்க்குள் லேசர் வெளிச்சத்தால் பிடித்து, அசைவே அடங்கிப்போகும் அளவுக்குக் குளிர வைத்து, பிறகு கைவிட்டுவிடுவாள். விழும்போது ஒரே அணு இரண்டு வழியிலும் விழுமாம். பாதி இங்கே பாதி அங்கே என்றில்லை, முழு அணுவே இரண்டிலும். எந்த வழியில் போகிறது என்று எட்டிப் பார்த்தால் மட்டும் ஒரு வழியில் போனதாகக் காட்டும். பார்க்காமல் விட்டு இரண்டு வழியையும் கடைசியில் சேர்த்துவிட்டால், அந்த இடத்தில் பூமி எவ்வளவு பலமாக இழுக்கிறது என்பது நூலிழை பிசகாமல் தெரிந்துவிடும். மண்ணுக்குள் தண்ணீர் சேர்ந்தால் இழுப்பு ஒரு துளி கூடும், அந்தத் துளியையும் அணு காட்டிக்கொடுத்துவிடும். எனக்குப் பிடிபட்டது இவ்வளவுதான். ஒரே ஆள் இரண்டு வழியிலும் போவதற்கு ஜெர்மனி வரைக்கும் போயிருக்க வேண்டாம், தலைவர் வேலை பார்த்தால் போதும் என்று அவளிடம் சொன்னேன்.

இந்தச் சோதனையை நிலத்துக்கடியில் இருட்டறைக்குள்தான் செய்வார்களாம். தெருவில் டிராம் ஓடினாலே அளவு கெட்டுவிடும். அதனால் டிராம் நின்றபிறகு வேலையைத் தொடங்கி, விடியும்போது படுக்கப் போவாள். வருஷக்கணக்கில் அப்படி. கல்யாணம் ஒன்று நடந்தது. புருஷன் பகலில் விழித்திருந்தான், இவள் இரவில் விழித்திருந்தாள், அதுவும் முடிந்துபோனது. அந்த இயந்திரத்தை வெளியே தூக்கி, லொறியில் ஏற்றி, மலையில் கொண்டுபோய் வைக்கலாம் என்று முதலில் சொன்ன சிலரில் அவள் ஒருத்தி. நடக்கிற காரியமா என்றார்கள். நடத்திக் காட்டினாள். ஆனால் முதல் அளவு கையில் கிடைத்தபோது, இதில் பிழை எவ்வளவு இருக்கும் என்று தெரியாமல் வெளியிட மாட்டேன் என்று ஒற்றைக் காலில் நின்று, எல்லாவற்றையும் நிறுத்திவைத்தாள். அதற்குள் வேறு நாட்டுக்காரர்கள் முந்திக்கொண்டார்கள், பரிசும் அவர்களுக்கே போனது. எனக்கு வயிறு எரிந்தது. அவளுக்கு எரியவில்லை.

"தெரியாததத் தெரியும்னு சொல்லிட்டா அப்புறம் நான் என்னத்துக்கு தயா?" என்றாள்.

அந்தத் துறையில் அவள் வாயிலிருந்து ஒரு எண் வந்தால் யாரும் மறுபேச்சுப் பேச மாட்டார்களாம். பரிசு வாங்காவிட்டாலும் அந்தப் பெயரை வாங்கி வைத்திருந்தாள். வந்து இறங்கியபோது தலை முழுக்க வெள்ளை, இடுப்பில் பட்டை. இரும்புக் கூடுகளைத் தூக்கித் தூக்கி முதுகு போய்விட்டது என்றாள். எங்கள் அம்மா ரெங்கம்மா கொழுந்துக்கூடை சுமந்து இதே இடுப்பைப் பிடித்துக்கொண்டு இதே லயத்து வாசலில் நின்றது எனக்கு ஞாபகம் வந்தது.

பதுளையிலிருந்து இத்ரூஸ் நானாவின் லொறியில் இயந்திரம் வந்து சேர்ந்தது. வந்த நேரம் இருக்கிறதே, அதுதான் வினை. அன்றைக்குத்தான் திருவிழாவுக்குக் காப்புக் கட்டினோம். காப்புக் கட்டுமுன் பூசாரி எல்லையைச் சுற்றி வந்து மூலைக்கு மூலை எலுமிச்சம்பழம் அறுத்துப் போடுவார். மஞ்சள் கயிறு கையில் ஏறிவிட்டால், கடைசி நாளில் அம்மன் கரகத்தை ஆற்றில் இறக்கிக் குடிவிடும் வரைக்கும், அந்த எல்லைக்கு வெளியே யாரும் இரவு தங்கக் கூடாது. பகலில் கொழுந்தெடுக்க மலைக்குப் போகலாம், சாமான் வாங்கப் பசறைக்குப் போகலாம். பொழுது சாய்வதற்குள் திரும்பிவிட வேண்டும். தங்கினால் தங்கினவனுக்கு மட்டுமல்ல, ஊருக்கே ஆகாது. அக்கா பதுளையில் ஒரு ஹோட்டலில் தங்குவதாக இருந்தாள். லயத்துப் பெண்கள் விடுவார்களா? வளைத்துப் பிடித்து அவள் கையிலும் கயிற்றைக் கட்டிவிட்டார்கள்.

இயந்திரம் ஓர் அலமாரி அளவு இருந்தது. மாணிக்கக் கல் பார்க்கிற மெஷின் என்று இளவட்டங்கள் பேசிக்கொண்டார்கள். புது வாகனம் வந்தால் செய்கிற மாதிரி பூசாரி சின்னராசா அதற்குச் சந்தனம் குங்குமம் வைத்து, சக்கரத்தடியில் எலுமிச்சம்பழமும் வைத்தார். கண்ணாடியில் மட்டும் வைக்காதீர்கள் என்று அக்கா கேட்டுக்கொண்டாள். அவள் கேட்ட இன்னொன்றைத்தான் எங்களால் கொடுக்க முடியவில்லை. தப்புப் பறை அடித்தால் தரை அதிர்கிறது, எண் ஆடுகிறது, கொஞ்ச நாளைக்கு நிறுத்துங்கள் என்றாள். காப்புக் கட்டினபிறகு தப்பை நிறுத்துவதா? டிராமை நிறுத்தினாலும் நிறுத்தலாம். இரண்டு அடிக்கு நடுவில் கிடைக்கிற இடைவெளியில் அவள் அணுவைக் கீழே போட்டு, அளவெடுத்துக்கொண்டிருந்தாள். மலையில் ஓரிடத்தில் வைப்பாள், பிறகு ஆட்களை வைத்து இன்னோரிடத்துக்குத் தூக்குவாள். தூக்கின ஆட்கள் என்னைத்தான் ஏசினார்கள்.

மாசியில் எங்கள் பக்கம் பனிதான் கொட்டும், மழை கொட்டாது. இந்த வருஷம் மழை கொட்டியது. பிடித்தால் விடாத மழை. அக்காவின் முகம் நாளுக்கு நாள் சுருங்கியது. வெடிப்பு வழியாக இறங்கிய தண்ணீர் வெளியே வரவில்லை, மலைக்குள்ளேயே நிற்கிறது, ஏறிக்கொண்டே போகிறது என்றாள். மலை சரிந்து வருமா வராதா என்று கேட்டேன். அப்படிச் சொல்ல முடியாது என்றாள். எனக்கு எரிச்சல் வந்தது. உலகத்துக்கே அளந்து சொல்கிறவளுக்கு, தான் பிறந்த லயத்தின் மேல் மண் விழுமா விழாதா என்று ஒரு சொல் சொல்ல முடியவில்லையென்றால் அந்தப் படிப்பு எதற்கு என்று கேட்டும் விட்டேன். அவள் கோபிக்கவில்லை. ஆட்களை வெளியே கொண்டுபோ என்று மட்டும் சொன்னாள்.

எங்கே கொண்டுபோவது? காப்புக் கட்டின ஆட்களை எல்லைக்கு வெளியே இரவு வைக்க முடியாது. பிள்ளைகளை மட்டுமாவது அனுப்புங்கள் என்று வீடு வீடாகக் கேட்டுப் பார்த்தேன். என் பெண்டாட்டி இராக்கம்மாவே, அம்மன் எல்லைக்குள் இருக்கிறவர்களை அம்மன் பார்த்துக்கொள்ளும் என்று சொல்லிவிட்டாள்.

வழி சொன்னது அக்காதான். எல்லை என்பது நீங்கள் பழம் அறுத்துப் போட்ட இடம்தானே, கொஞ்சம் தள்ளிப் போட்டால் என்ன என்று கேட்டாள். கீழே, வேறொரு மேட்டில், மூடிக்கிடக்கிற பழைய ஸ்டோர் இருந்தது. ஒரு காலத்தில் தேயிலை அரைத்த கட்டடம். மலை சரிந்தாலும் அந்தப் பக்கம் வராது. கொழுந்து வாட்டுகிற பெரிய பெரிய மாடிகள், மேலே தகரம் நல்ல தகரம். ஆட்களுக்கு அந்த இடத்தைக் கொடுங்கள் என்று புயல் நேரத்திலேயே துரையிடம் கேட்டிருந்தோம். கொழும்புக்கு எழுதிக் கேட்க வேண்டும் என்றார். இன்னும் எழுதிக்கொண்டிருக்கிறார். இந்தத் தடவை நான் ஆட்கள் பேச்சையே எடுக்கவில்லை. அம்மன் கரகத்தைக் கொண்டுவந்து வைக்க இடம் வேண்டும், கோயில் ஒழுகுகிறது என்றேன். துரை சிங்களவர், அவர்கள் கும்பிடும் அம்மனான பத்தினித் தெய்யோவுக்கு நேர்ந்து அவருடைய தாய் பெற்ற பிள்ளை. தொப்பியைக் கழற்றிவிட்டுச் சாவியைக் கொடுத்தார். கரகத்தைக் குடிவிடும் வரைக்கும் வைத்துக்கொள்ளலாம், குடிவிட்ட அன்றைக்கே சாவி திரும்பி வரவேண்டும் என்றார். சாவியை வாங்கும்போது எனக்குச் சந்தோஷத்தை விட வெட்கம்தான் அதிகமாக இருந்தது. நாங்கள் கேட்டால் கிடைக்காத இடம், சாமி கேட்டால் கிடைக்கிறது.

இனி பூசாரியும் ஆட்களும் சம்மதிக்க வேண்டும். மறுநாள் காலை பெரட்டுக்களத்தில், கொட்டுகிற மழையில், சாக்குக் கொங்காணியைத் தலையில் போட்டுக்கொண்டு எல்லோரும் நின்றார்கள். அக்காவும் நின்றாள். நான் விஷயத்தைச் சொல்லி முடித்ததும் ஆளுக்கொரு பக்கம் இழுத்தார்கள். சின்னராசா கையைக் காட்டி எல்லோரையும் அடக்கினார். பிறகு அக்காவைப் பார்த்துப் பேசினார்.

"கட்டாயம் வரும்னா எல்லைய நகத்துறேங்கம்மா. வந்தாலும் வரும்னா நகத்த மாட்டேன். சந்தேகத்துல சாமியத் தூக்கக் கூடாது. நீங்க சொல்லுங்க, மலை வருமா?"

அவள் என்ன சொல்வாள் என்று எனக்குத் தெரியும். அப்படிச் சொல்ல முடியாது என்பாள். ஆட்கள் கலைந்து போவார்கள், நான் சாவியைத் திருப்பிக் கொடுப்பேன். அவள் தார்ப்பாய் போட்டு மூடியிருந்த தன் இயந்திரத்தைப் பார்த்தாள், லயத்தைப் பார்த்தாள்.

"வரும்," என்றாள். "கட்டாயம் வரும்."

அன்றைக்கே எல்லை நகர்ந்தது. பழைய ஸ்டோரைச் சுற்றிப் பழம் அறுத்துப் போட்டு, கரகத்தை முன்னே விட்டு, பின்னால் நாங்கள் பாய் தலையணையோடு போனோம். கரகம் கீழ் மாடியில், நாங்கள் மேல் மாடியில். பழைய தேயிலைத் தூசியில் பிள்ளைகள் இருமின. மழை விடாமல் பெய்தது. பகலில் மலைக்குப் போய்க் கொழுந்தெடுத்துவிட்டு, இரவில் பலகைத் தரையில் வரிசையாகப் படுத்துக்கொண்டு, மேலேயிருந்து சத்தம் வருகிறதா என்று காது கொடுத்துக் கேட்டோம். எனக்குத் தூக்கமே இல்லை. மலை வந்துவிடக் கூடாது என்று ஒரு மனம் கும்பிட்டது. வந்துவிட்டால் நல்லது, நாலு பேருக்கு முன்னால் என் சொல் நிற்கும் என்று இன்னொரு மனம் நினைத்தது. அப்படி நினைத்ததற்காக என்னையே வெறுத்தேன்.

மழை விட்டது. வெயில் அடித்தது. மலை அப்படியே நின்றது.

பிறகு கேட்க வேண்டுமா? ஆளில்லாத லயத்தில் காட்டுப்பன்றி இறங்கி மரக்கறித் தோட்டங்களை உழுதுவிட்டுப் போயிருந்தது. கோழிகளைக் காணவில்லை. ஜெர்மனியிலே அணு விழுந்தது, மடுல்சீமையிலே மலை விழவில்லை என்று அக்காவின் காது படவே பேசினார்கள். முதல் தேத்தண்ணியை அவளுக்குக் கொடுத்துக்கொண்டிருந்த பெண்கள் கடைசியில் கொடுத்தார்கள், பிறகு அவளே போய் ஊற்றிக்கொண்டாள். என்னை ஏசியது பழக்கமானது. அவளை ஏசியதுதான் எனக்குத் தாங்கவில்லை. இருந்தாலும் எனக்கும் உள்ளுக்குள் கோபம் இருந்தது, இல்லையென்று சொன்னால் பொய்.

கரகம் குடிவிடுகிற நாளுக்கு முதல் நாள் பிற்பகல், அவள் இயந்திரத்தை மூட்டை கட்டிக்கொண்டிருந்தாள். திருவிழா முடிந்த மறுநாள் அவளுக்கு விமானம். பக்கத்தில் போய் உட்கார்ந்து கேட்டேன்.

"உண்மையச் சொல்லு அக்கா. கட்டாயம் வரும்னு உனக்குத் தெரியுமா?"

"தெரியாது. பத்துல மூணு."

"என்னது?"

"இந்த மாதிரி மலை பத்து இருந்தா மூணு வரும், ஏழு நிக்கும். தப்புச் சத்தம் இல்லாம இருந்தா அந்த மூணு ரெண்டா நாலான்னு இன்னும் சரியா சொல்லியிருப்பேன்."

மூன்றுக்கா அம்மனைத் தூக்கினோம், மூன்றுக்கா பூசாரி காப்புக் கட்டின எல்லையை நகர்த்தினார், ஏழு பக்கம் இருக்கும்போது மூன்றைப் பிடித்துக்கொண்டு எங்கள் எல்லோரையும் ஏமாற்றினாயா என்று கத்தினேன். அவள் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள்.

"மூணுன்னு சொல்லியிருந்தா நீ கூட்டிட்டு வந்திருப்பியா தயா?"

கொழுந்து மலையில் குளவிக்கூடு இருக்கும் என்று தெரிந்துதான் தினமும் எங்கள் பெண்கள் இறங்குகிறார்கள். சிறுத்தை நடமாடும் ஒற்றையடிப் பாதையில்தான் பிள்ளைகள் பள்ளிக்கூடம் போகின்றன. பத்தில் மூன்று என்றால் எங்களுக்கு ஒன்றுமே இல்லை, நாங்கள் அதற்குள்ளேயே பிறந்து அதற்குள்ளேயே குடும்பம் நடத்துகிறோம். கூட்டி வந்திருக்க மாட்டேன். அது அவளுக்குத் தெரிந்திருக்கிறது. யாருக்கும் எந்தக் காலத்திலும் சொல்லாத ஒன்றை, உலகத்துப் பரிசுக்காகக் கூடச் சொல்லாத ஒன்றை, எங்களுக்காக அந்த மழையில் நின்று சொல்லியிருக்கிறாள். என்னால் அவளை நிமிர்ந்து பார்க்க முடியவில்லை.

இப்போது எத்தனை என்று கேட்டேன். மழைதான் நின்றுவிட்டதே, குறைந்திருக்குமே என்றேன். குறையவில்லை, மேலே நின்ற தண்ணீர் இப்போதுதான் ஆழத்துக்கு இறங்கியிருக்கிறது, நாலுக்கு மேல் இருக்கும், இன்னொரு மழை பெய்தால் அதற்கும் மேல் என்றாள். அதை ஆட்களிடம் சொல்லேன் என்றேன். தலையை ஆட்டினாள்.

"என் வாய்ச்சொல்லுக்கு இருந்த மதிப்ப நான் அன்னைக்கே செலவழிச்சிட்டேன். இனி சொன்னா நீ கூட நம்ப மாட்டே," என்றாள்.

மறுநாள் காலை கரகம் ஆற்றுக்குப் போனது. ஆட்களுக்கு ஒரே சந்தோஷம். பாய் தலையணைகளை முதலிலேயே சுருட்டிக் கட்டி வைத்துவிட்டுத்தான் புறப்பட்டார்கள். குடிவிட்ட கையோடு மூட்டையைத் தூக்கிக்கொண்டு நேரே லயத்துக்குப் போவதாகத் திட்டம். சாவி வாங்க துரை அனுப்பிய ஆளும் கரையில் வந்து நின்றான். எங்கள் தோட்டத்தில், தலைவர் தட்டத்தில் வெற்றிலை பாக்கு வைத்துக் கொடுத்தால்தான் பூசாரி கரகத்தை ஆற்றில் இறக்குவார். சின்னராசா கரகத்தைத் தலையில் ஏந்தி முழங்கால் தண்ணீரில் நின்று, என்னைப் பார்த்துக் கை நீட்டினார்.

தட்டம் என் கையில் இருந்தது. கொடுத்தால் பொழுது சாய்வதற்குள் எல்லோரும் அந்த மலைக்கடியில் இருப்பார்கள், என் பிள்ளைகளும் சேர்த்து. கொடுக்காவிட்டால் என்ன ஆகும் என்று நான் யோசிக்கவில்லை.

"இன்னைக்கு வேணாம்," என்றேன்.

தப்பு நின்றது. சின்னராசா நீட்டிய கையை மடக்கினார்.

"இது அம்மன் உத்தரவா, தலைவர் உத்தரவா?"

"அம்மன் உத்தரவு. விடியக்காலம் வெளக்கு வைக்கும்போது சொன்னுச்சு. இன்னும் போக மனசில்லையாம்."

துரையிடம் ஆயிரம் பொய் சொல்லியிருக்கிறேன், ஆட்களிடமும் சொல்லியிருக்கிறேன். அம்மன் பெயரில் சொன்னது அதுதான் முதல். கூட்டத்தில் சலசலப்பு எழுந்தது. தலைவருக்கும் துரைக்கும் ஏதோ நடக்கிறது என்று பின்னால் ஒருவன் சொன்னான். என் பெண்டாட்டி என்னை முறைத்தாள், அவளுக்கு என் முகம் தெரியும். அப்போது இன்னொருவன் கரையோரம் நின்ற அக்காவிடம் திரும்பி, நீங்கள் படித்தவர்கள், இப்படியெல்லாம் உண்டா, நீங்களே சொல்லுங்கள் என்று கேட்டான். அவள் சாமி கும்பிடுகிறவள் இல்லை என்பது ஊருக்கே தெரியும். இல்லை என்று சொல்லுவாள், வீட்டுக்குப் போகலாம் என்றுதான் எல்லோரும் அவள் வாயைப் பார்த்தார்கள்.

அக்கா என்னைப் பார்த்தாள். நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

"உண்டு," என்றாள். "தலைவர் சொல்றது சரி. அம்மன் போகல."

சின்னராசா கரகத்தோடு கரையேறினார். சாவிக்கு வந்த ஆள் வெறுங்கையோடு திரும்பிப் போனான். கரகத்தைக் குடிவிட்டுத் திரும்புவதற்கென்று தப்பில் ஓர் அடி உண்டு. குடிவிடாமல் திரும்புவதற்கு எந்த அடியும் கிடையாது, அதனால் தப்புக்காரர்கள் குச்சியை இடுப்பில் செருகிக்கொண்டு சும்மா நடந்தார்கள். காப்பை அவிழ்க்காததால் அக்காவும் நாளைக்குப் போக முடியாது. போகலாம், யார் பிடித்துவைக்கப் போகிறார்கள். ஆனால் அவள் அதைப் பற்றிப் பேசவேயில்லை. மேட்டில் பாதியில் அவளுக்கு இடுப்புப் பிடித்துக்கொண்டது. என் தோளைப் பற்றிக்கொண்டு நின்று மூச்சு வாங்கினாள்.

"இது எத்தன நாளைக்குத் தாங்கும் தயா?"

"தெரியாது அக்கா," என்றேன்.